ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜாஸியா

ஜாஸியா தோற்றதை ஊரே சொல்லித் திரிகிறது. அவள் வென்றதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே முதலில் அது.

மூன்று வயதில் அம்மை வந்து வீட்டில் இரண்டு பையன்கள் போனபோது அவள் பிழைத்தாள். பதினாறு வயதில், ஆடு ஏற்றும் லாரி வைத்திருந்த ஒரு கிழவருக்கு இரண்டாம் தாரமாக அவளைப் பேசி முடித்து, காப்பியும் குடித்தார்கள். அவள் கூரைமேல் ஏறி ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாயும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு தன் வயதுக்கு ஏற்ற லக்தரைக் கட்டிக்கொண்டாள். மாமியார் வீட்டில் தனக்கென்று ஒரு தறி கேட்டு வாங்கினாள். அவள் நெய்த ஒட்டக ரோம அங்கியை ஜெல்ஃபா நகரத்துச் சந்தையில் வியாபாரிகள் புரட்டிப் பார்த்து, நெசவில் குறை தேடிக் கிடைக்காமல் விலை கொடுத்தார்கள். மூன்று கர்ப்பம் தங்காமல் போன பிறகு, இன்னொருத்தியைக் கட்டும் பேச்சை லக்தர் இரண்டு முறை எடுத்தான். இரண்டு முறையும் அந்தப் பேச்சை அவனையே விழுங்க வைத்தாள். கல்யாணமான எட்டாவது வருஷம் நான்காம் முறை கரு நின்றது. முந்தைய மூன்றும் நான்காம் மாதத்தைத் தாண்டியதில்லை. இது ஐந்தைத் தாண்டியது.

அதுதான் அவள் வென்றவற்றில் கடைசி.

ஹத்தா அடுத்த வீட்டுக்காரி. தறியில் ஜாஸியாவின் ஜோடியும் அவள்தான். எங்கள் பக்கத்துத் தறியில் ஒருத்தி தனியாக உட்கார முடியாது. இந்தப் பக்கம் ஒருத்தி இழையைத் தள்ளினால் அந்தப் பக்கம் ஒருத்தி வாங்க வேண்டும். ஆறு வருஷம் அப்படித் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள். மூன்றாவது கர்ப்பம் கலைந்த அன்று லக்தர் சந்தைக்குப் போயிருந்தான். ஹத்தாதான் ஒரு மாவு லாரியை வழிமறித்து, மூட்டைகள்மேல் ஜாஸியாவைக் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்து நகரத்துக்குக் கொண்டுபோனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜாஸியா வீட்டு ரொட்டியையும் அவள்தான் சுட்டாள். இதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. "உன் மாவு மட்டமான மாவு, என் கை பட்டதால ரொட்டியாச்சு" என்று மட்டும் சொல்வாள்.

அந்த ஹத்தா 2006-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் விழுந்தாள். மாலையானால் காய்ச்சல், விடிந்தால் போர்வை பிழிகிற வியர்வை, இடுப்பில் தாங்க முடியாத வலி. உடம்பு பாதியானது. கொஞ்சம் இருமலும் சேர்ந்துகொண்டது. வாரம் ஒரு முறை வரும் சுகாதார நர்ஸ் அவளைப் பார்த்துவிட்டு, நெஞ்சு நோய், காசம் போலத் தெரிகிறது, டவுனுக்குப் போய் நெஞ்சைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். ஹத்தாவின் மாமியார் மபுரூகா காதில் அது விழுந்ததோடு சரி. வீட்டில் நிச்சயமான மகள் ஒருத்தி இருந்தாள். நெஞ்சு நோய் இருக்கும் வீடு என்று பெயர் வந்தால் அந்தக் கல்யாணம் நிற்கும். மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருமகளைப் பின்னறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஹத்தாவின் புருஷன் அத்தல்லா தெற்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவான்.

கதவைச் சாத்தினாலும் பேச்சு வெளியே வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தி படுத்தால் அவள் வேலையை மற்ற வீட்டுப் பெண்கள் முறை போட்டு எடுத்துச் செய்வது வழக்கம். துவீஸா என்பார்கள். கூப்பிட வேண்டியதில்லை, தானாக வருவார்கள். இந்த முறை ஒரு வாரம் வந்தார்கள். பிறகு ஒருத்திக்கு முதுகு பிடித்தது, ஒருத்திக்கு விருந்தாளி வந்தார்கள். ஆடுகள் ஈனும் மாதம் நெருங்கியபோது மிஞ்சியது ஜாஸியா ஒருத்திதான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை. இதை ஊரார் ஒப்புக்கொள்வதில்லை. சொல்பேச்சு கேட்காமல் போனாள் என்கிறார்கள். அவள் கேட்டாள், எல்லாரிடமும் கேட்டாள். முதலில் நர்ஸிடம்.

"மூச்சுல பரவும்மா இது. அந்த ரூமுக்குள்ள போகாதே. அவ குடிச்ச டம்ளர்ல குடிக்காதே, போர்வையைத் தொடாதே."

"அவ வீட்டு ஆட்டுப் பட்டி வேலை பார்க்கலாமா?"

"பட்டிக்கு என்ன? வெளியில நல்லாக் காத்தடிக்குது. வலி வர்ற வரைக்கும் ஆட்டுப் பின்னாடி ஓடுறவங்கதானே நீங்கல்லாம்."

லக்தர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அந்த வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

"மிதிக்கல. பட்டி வீட்டுக்குப் பின்னாடி இருக்கு."

"வக்கீல் மாதிரிப் பேசாதே. உனக்குப் புள்ள பெருசா, அவ பெருசா?"

"அன்னைக்கு என்னை மாவு மூட்டைமேல போட்டுக் கொண்டுபோனது யாரு? நீங்க சந்தையில ஆட்டுக்குப் பல்லு பார்த்துட்டு இருந்தீங்க."

லக்தர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். அன்றைக்குச் சந்தையில் இருந்தது அவனுக்கே உறுத்திக்கொண்டிருந்தது.

ஜாஸியாவின் அக்காள் ரபீஹா பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். ஆறாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு வீட்டில் ஒரு மரியாதை. போகாதே என்று சொன்னால் தங்கை நிச்சயம் போவாள் என்பது கூரை ஏறிய நாளிலிருந்தே ரபீஹாவுக்குத் தெரியும். அதனால் நகரத்தில் வாங்கிய மருந்து சோப்பு இரண்டு கட்டியைக் கையில் கொடுத்தாள்.

"போறதுன்னா கணக்காப் போ. எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு இப்பவே முடிவு பண்ணு. அங்க போய் நின்னுட்டு மனசு இளகாதே."

ஜாஸியா கணக்காகத்தான் போனாள். பின்னறை ஜன்னல் பட்டியைப் பார்த்து இருந்தது. அதற்கு வெளியே காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்பாள். ரொட்டியைத் தன் வீட்டுத் தட்டில் வைத்து ஜன்னல் விளிம்பில் விடுவாள், தட்டைத் திரும்ப எடுக்கமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஹத்தாவும் அவளுக்குச் சளைத்தவளில்லை. ஜன்னலில் நிழல் தெரிந்ததும் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பேசுவாள்.

"இன்னும் தள்ளி நில்லுடி. உன் வயித்துல இருக்கிறவன் என் இருமலைக் கேட்டுப் பயந்துடப் போறான்."

"அவனுக்கு உன் பாட்டே பழக்கம். இருமல் எவ்வளவோ தேவலாம்."

"என் தட்டெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு உன் புருஷன் அழலையா?"

"அழறார். நீ எழுந்து வந்து கழுவிக் கொடு."

ஒரு முறை ஹத்தா வலி தாங்காமல் சத்தம் போட்டு அழுதாள். தண்ணீர்க் குவளை கை எட்டாத இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஜாஸியா பட்டிப் பக்கம் திறக்கும் கதவுவரை போய் நின்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே குவளையை நிமிர்த்திவிட்டு வந்துவிடலாமா என்று கணக்குப் போட்டாள். வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது. கையை எடுத்தாள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு நாணல் குழாயை விட்டு, ஹத்தாவின் வாய் எட்டும் இடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைத்தாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, சிநேகிதியை மிருகம் போல் குடிக்க வைத்தேனே என்று அழுதாள்.

ஜனவரியில் ஆடுகள் ஈனத் தொடங்கின. முதல் சில குட்டிகள் நல்லபடியாக வந்தன. பிறகு ஒரு தாயாடு, நாள் முதிரும் முன்பே செத்த குட்டியை வீசியது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. மபுரூகா முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"உறைபனிப் புல்லு தின்னிருக்கும். இல்லேன்னா கண்ணு. எவளோ ஒருத்தி கண்ணு வச்சிருக்கா."

"போன வருஷமும் வீசுச்சா, லல்லா?" என்று மூத்தவளை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு கேட்டாள் ஜாஸியா.

"வீசாத பட்டி எங்க இருக்கு? நீ கை வை மகளே. வயித்துல உசுரு இருக்கிறவ கை பட்டா ஆட்டுக்கும் தங்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க."

ஜாஸியா கை வைத்தாள். அடுத்த ஆட்டுக்குக் குட்டி பாதியில் சிக்கியது. முழங்கைவரை கையை விட்டுத் திருப்பி இழுத்தாள். அதுவும் செத்த குட்டிதான். இறங்காமல் நின்ற நஞ்சுக்கொடியையும் அவளே உருவி எடுத்தாள். பிறகு கையை வைக்கோலில் துடைத்துக்கொண்டாள். எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் துடைப்பார்கள். ஆட்டு அழுக்கை யாரும் அழுக்கு என்று நினைப்பதில்லை. மருந்து சோப்பு ஜன்னல் பக்கம் போய் வந்த கைக்கு என்று வைத்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு வந்தால் சோப்பு, பட்டியிலிருந்து வந்தால் வைக்கோல்.

உயிரோடு குட்டி போட்ட ஆட்டின் சீம்பாலைக் கறந்து மபுரூகா ஒரு கிண்ணம் கொடுத்தாள். ஈனும்போது குட்டியைக் கையில் வாங்கியவளுக்கு முதல் கிண்ணம் என்பது முறை. கர்ப்பிணி என்றால் காய்ச்சாமல் கொடுப்பாள், காய்ச்சினால் தெம்பு போய்விடுமாம். ஜாஸியா அதையும் யோசித்துத்தான் குடித்தாள். கிண்ணத்தை முகர்ந்து, "இது அவ குடிச்ச கிண்ணம் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்று மபுரூகா சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் உண்மைதான்.

பிப்ரவரி நடுவில் ஜாஸியாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாலையில் ஏறி, விடியும்போது வியர்த்து இறங்கியது. இடுப்பு வலித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் ஹத்தாவின் பெயரைத்தான் சொல்வார்கள். மார்ச் முதல் வாரத்தில் ரபீஹா வந்தபோது தங்கையின் குழி விழுந்த கண்ணைப் பார்த்துவிட்டு உடனே லக்தரை வண்டி பிடிக்க அனுப்பினாள். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. விரல் நகம்வரை எல்லாம் சரியாக இருந்தது. அதை ரபீஹா மட்டும் பார்த்தாள்.

ரத்தச் சோதனை முடிவோடு வந்த டாக்டர் வடக்கேயிருந்து வந்த இளம்பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க வீட்ல ஆடு ஏதாவது குட்டி வீசுச்சா?"

"எங்க வீட்ல இல்ல."

"பக்கத்து வீட்ல?"

"ஆமா."

"நீங்க தொட்டீங்களா?"

"கையை உள்ள விட்டு இழுத்தேன்."

"காய்ச்சாத பால் குடிச்சீங்களா?"

"சீம்பால். தெம்புக்குன்னு கொடுத்தாங்க."

டாக்டர் பேனாவை மூடினாள். "இது ஆட்டுலேர்ந்து வர்ற காய்ச்சல். மால்ட்டா காய்ச்சல்னு சொல்லுவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க ஈனுற ஆட்டுப் பக்கமே போகக் கூடாது. யாரும் சொல்லலையா?"

"மூச்சுப் பக்கம் போகாதேன்னு சொன்னாங்க."

யாருடைய மூச்சு என்று டாக்டர் கேட்டாள். ஜாஸியா ஹத்தாவின் வியர்வையையும் இடுப்பு வலியையும் சொல்லச் சொல்ல, டாக்டரின் முகம் மாறியது. அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

ரபீஹா மபுரூகா வீட்டு வாசலில் போய் நின்று, வண்டியை வரவழைத்து, சத்தம் போட்டுத்தான் ஹத்தாவை வெளியே கொண்டுவர முடிந்தது. நிச்சயமான மகளின் பெயரைச் சொல்லி மபுரூகா ஒப்பாரி வைத்தாள். படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ரத்தத்தில் ஜாஸியாவுக்கு இருந்ததேதான் இருந்தது. முந்தைய கோடையிலேயே அதே பட்டிப் பாலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றாள் டாக்டர்.

ஜாஸியா ஒன்று மட்டும் கேட்டாள். "அந்த ரூமுக்குள்ள நான் போயிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது. இது அவங்க மூச்சுலேர்ந்து வராது. அவங்க பக்கத்துலயே உட்கார்ந்து கையைப் பிடிச்சிட்டு இருந்திருக்கலாம்."

அதன் பிறகு ஜாஸியா இரண்டு நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குவளையை நிமிர்த்தாமல் கதவிலிருந்து எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாத்திரை ஹத்தாவைத் தூக்கி நிறுத்தியது. ஏப்ரலில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பிள்ளை போன காரணத்தைச் சொன்ன அதே ரத்தச் சோதனைதான் ஹத்தாவைப் பிழைக்க வைத்தது. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. நோய்க்காரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொன்றுகொண்டாள் என்று பாதிப் பேர். மபுரூகா அதைவிட ஒரு படி மேலே போனாள். கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "எதுவும் தங்காத வயிறு அது. அவ கை பட்டுத்தான் எங்க ஆடும் வீசிடுச்சு."

அத்தல்லா விடுமுறையில் வந்தான். ஆடுகளை ஏற்றிக்கொண்டுபோய்த் தூரத்துச் சந்தையில் விற்றுவிடுவது என்று தாயும் மகனும் முடிவு செய்தார்கள். இன்னும் ஈனாத சினையாடுகளும் அதில் இருந்தன. கேள்விப்பட்டதும் ஜாஸியா, ஹத்தா படுத்த பிறகு முதல்முறையாக, அந்த வீட்டு வாசப்படியை மிதித்து, நேராகப் பின்னறைக்குப் போய் ஹத்தாவின் படுக்கையில் உட்கார்ந்தாள்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு. விக்க வேண்டாம். கால்நடை டாக்டரைக் கூப்பிடச் சொல்லு."

"டாக்டர் வந்தா எல்லாத்தையும் வெட்டச் சொல்லுவான்."

"வெட்டட்டும்."

"அதுல பாதி என் தங்கத்தை வித்து வாங்கினது, ஜாஸியா."

"தெரியும். வித்த அன்னைக்கு நானும்தான் கூட இருந்தேன்."

ஹத்தா போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "அதை வெட்டிட்டா உன் புள்ள திரும்பி வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு?"

"வாங்கிட்டுப் போறவன் வீட்லயும் ஒருத்தி இருப்பா. வயித்தைத் தள்ளிக்கிட்டு அதுக்குப் பிரசவம் பார்ப்பா."

"அவ யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னைத் தெரியும்ல."

அந்த ஜோடித் தறியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அதோடு முடிந்தது. வெளியே வந்தபோது மபுரூகா வாசலில் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள்.

லக்தர் அன்று கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று ஜாஸியாவுக்கு இருந்தது. "விட்டுடு," என்றான். "நாம இந்த ஊர்லதான் இருக்கணும். வறட்சி வந்தா அத்தல்லாகிட்டதான் வைக்கோல் கேக்கணும். நம்ம புள்ள செத்தான், புதைச்சாச்சு. யாரு கேட்டா உன்னை?"

"யாரும் கேக்கல. அதான் நானே போய்ச் சொல்லப் போறேன்."

அதன்பின் நடந்தவற்றை ஊர் அறியும். அரசாங்க வண்டி வந்தது. ரத்தம் எடுத்தார்கள், காதில் குறி போட்டார்கள், ஏறக்குறைய முழுப் பட்டியும் போனது. இன்னும் மூன்று வீட்டுப் பட்டிகளிலும் அதே நோய் கண்டுபிடித்தார்கள். அந்த மூன்று வீடுகளும் ஜாஸியாவுக்கு முகம் கொடுப்பதில்லை. அத்தல்லாவின் தங்கை கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது, ஜாஸியாவுக்கு அழைப்பு இல்லை. ஹத்தா முழுதாகத் தேறினாள். அடுத்த வருஷமே ஒரு பெண் பெற்றாள். கிணற்றடியில் ஜாஸியா எதிர்ப்பட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் நிறையாவிட்டாலும், போய்விடுவாள். ஜாஸியாவுக்கு அதற்குப் பிறகு கரு நிற்கவில்லை. இன்னொருத்தியைக் கட்டும் பேச்சை லக்தர் மூன்றாவது முறை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை. அவளுடைய தறியில் இப்போது ரபீஹா வந்து ஹத்தாவின் இடத்தில் உட்காருகிறாள். அவள் கை அவ்வளவு வேகமில்லை.

ஆனால் கால்நடை அலுவலகத்துக்கு அவள் போன அன்று நடந்ததை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். லக்தர் வரவில்லை. அக்காளும் தங்கையும் மட்டும் பஸ் ஏறிப் போனார்கள். எந்த ஆடு எப்போது வீசியது, எத்தனை செத்தது, எதில் கை விட்டாள், எந்த ஆட்டின் பாலைக் குடித்தாள் என்று ஒன்றுவிடாமல் ஜாஸியா சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டான். அவன் வாசித்துக் காட்டியபோது, மாற்றி எழுதிய ஓர் இடத்தை அவள் நிறுத்தித் திருத்தச் சொன்னாள். முடித்துவிட்டு அவன் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான்.

"கட்டை விரலை வைம்மா."

"விரல் வச்சா, யாரோ கையைப் பிடிச்சு வச்சுட்டாங்கன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. பேனா கொடுங்க."

"எழுதத் தெரியுமா?"

"என் பேர் தெரியும்."

ஆஸ்பத்திரியில் அவள் படுக்கைக் கால்மாட்டில் அவள் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. சுவரிலிருந்து திரும்பிப் படுத்த நாளிலிருந்து பார்ப்பதற்கு அவளுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. தொட்டில் வைக்கும் இடம் காலியாக இருந்தது. விரலால் போர்வையில் அந்தப் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறாள். அக்காளுக்குக்கூடத் தெரியாது.

பேனாவை ஊசி பிடிப்பது போல் பிடித்தாள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தான். ரபீஹா உதவிக்குக் கை நீட்டவில்லை. எழுத்து கோணலாக வந்தது, ஆனால் ஒன்றும் விடுபடவில்லை. குமாஸ்தா அதன் கீழே தேதியைப் போட்டான்: 2007 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை.